எல்பர்ட் மெஸ்ஸர் கைகாட்டிய கல்லறைகள்

சோரல் ஓடைப் பக்கத்து ஜனங்களுக்கு எதையும் எழுதிவைக்கும் வழக்கம் கிடையாது. எழுதத் தெரியாமல் இல்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். எந்த மாடு யாருடையது, எந்த வேலியை யார் நகர்த்தினான், யாருடைய அப்பா யாரோடு எந்த வருஷம் பேச்சை நிறுத்தினார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். செத்தவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த மேட்டில் புதைப்பார்கள். தலைமாட்டில் ஓடையிலிருந்து தூக்கிவந்த ஒரு கல், கால்மாட்டில் ஒரு சின்னக் கல். கல்லில் பேர் கிடையாது. பேரெல்லாம் எல்பர்ட் மெஸ்ஸரின் தலைக்குள் இருந்தது.

அவனுக்கு முன்னால் அவன் அப்பாவின் தலைக்குள் இருந்தது. மெஸ்ஸர் வீட்டு ஆண்கள்தான் காலங்காலமாக அந்த மேட்டில் குழி வெட்டியவர்கள். அதற்குக் கூலி கிடையாது, மரியாதை உண்டு. மே மாதம் மூன்றாவது ஞாயிறு, நாங்கள் பூ ஞாயிறு என்று சொல்லும் நாளில், எல்லாரும் மேட்டுக்கு வருவார்கள். கல்லறைமேல் முளைத்த புல்லை ஒன்றுவிடாமல் செதுக்குவார்கள். மழையில் கரைந்த மண்ணை மறுபடி குவித்து உயர்த்துவார்கள். மெழுகில் தோய்த்த காகிதப் பூக்களைக் குத்திவைப்பார்கள். அப்புறம் மரத்தடியில் நீளப் பலகைகளைப் போட்டு, கோழி வறுவலும் சோள ரொட்டியும் உலர்ந்த ஆப்பிள் கேக்குமாகச் சாப்பாடு. டென்னஸியிலிருந்தோ ஜார்ஜியாவிலிருந்தோ வந்த தூரத்துச் சொந்தக்காரன் யாராவது, "எங்க பெரியம்மாவ எங்க வச்சிருக்கு?" என்று கேட்டால் எல்பர்ட் யோசிக்கவே மாட்டான். கை தானாக நீளும்.

"அந்த ஓக் மரத்துலேர்ந்து நாலாவது. பக்கத்துல படுத்திருக்கிறவ அவளோட நாத்தனார். உசுரோட இருந்தப்ப ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. இப்ப பாரு, எவ்வளவு ஒத்துமை!"

கூட்டம் சிரிக்கும். எல்பர்ட்டுக்கு அந்தச் சிரிப்பும், அதற்கு முன்னால் எல்லாரும் தன் விரலையே பார்க்கும் அந்த ஒரு கணமும் சாப்பாட்டைவிடப் பிடிக்கும். கர்வமே இல்லாத மனுஷன் என்று ஊரில் அவனைச் சொல்வார்கள். ஊர் தப்பாகச் சொன்னவற்றில் அதுவும் ஒன்று.

1918ஆம் வருஷம் அக்டோபரில் விஷக்காய்ச்சல் வந்தது. அப்போது எல்பர்ட்டுக்கு இருபத்தொரு வயது. அவன் மனைவி ஓமாவுக்குப் பத்தொன்பது. வெர்னா என்று எட்டு மாதப் பெண் குழந்தை. கரோலினா மலையில் இத்தனை உள்ளே தள்ளியிருக்கிற எங்களுக்கு எந்த நோய் வந்து சேரப்போகிறது என்று ஜனங்கள் இருந்தார்கள். ஓடையின் மேல்பக்கம் மரம் வெட்டும் கம்பெனி போட்டிருந்த கூடாரங்கள் வழியாக அது வந்து சேர்ந்தது.

எட்டு நாளில் பதினோரு பேர். முதல் நான்கு பேருக்குப் பலகைப் பெட்டி கிடைத்தது. அப்புறம் பலகை தீர்ந்துபோய், இருந்த கதவுகளைக் கழற்றினார்கள். கூடக் குழி வெட்டிக்கொண்டிருந்த கேத்தர் ஆறாம் நாள் தானே ஒரு குழிக்குப் போனான். அதன் பிறகு மண்வெட்டியோடு எல்பர்ட் ஒருத்தன்தான்.

எட்டாம் நாள் காலையில் வெர்னா போனாள். ஓமா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். அதே காலையில் பக்கத்து வீட்டு ஸெல்மா ப்ரூக்ஷயரின் இரண்டு வயதுப் பையனும் போனான். மத்தியானம், மரம் வெட்டும் கூடாரத்திலிருந்து ஸ்டைல்ஸ் என்கிற ஒரு தொழிலாளி பிறந்து பத்து நாளான சிசுவைத் துணியில் சுற்றி எடுத்துவந்து எல்பர்ட்டின் கையில் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியைப் பார்க்க ஓடினான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்பர்ட்டுக்கும் உடம்பு அனலாகக் கொதித்தது. வேலியில் தொடங்கி உள்பக்கமாக மூன்று சின்னக் குழிகளை வரிசையாக வெட்டினான். மூன்று பிள்ளைகளையும் வைத்து மூடினான். எந்தக் குழியில் யாரை வைத்தோம் என்று அப்போது அவனுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். கல் வைக்க ஓடைக்கு இறங்கியவன் பாதி வழியில் விழுந்தான். யாரோ இழுத்துக்கொண்டுபோய் வீட்டில் போட்டார்கள்.

அவன் எழுந்திருக்க மூன்று வாரம் ஆனது. மேட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, மழை அடித்து மூன்று குவியல்களும் ஒரே சேறாகத் தட்டையாகியிருந்தன. நின்று யோசித்தான். மழை ஞாபகம் வந்தது, மண்வெட்டியின் பிடி வழுக்கியது ஞாபகம் வந்தது, ஸ்டைல்ஸின் தாடியில் நீர் சொட்டியதுகூட ஞாபகம் வந்தது. தன் பெண் எந்தக் குழி என்பது மட்டும் வரவில்லை.

"தெரியலை" என்று சொல்லியிருக்கலாம். அந்த நாட்களில் யார் அவனைக் குற்றம் சொல்லியிருப்பார்கள்? பதினோரு பேரில் எட்டுப் பேரை அவன் சரியாகச் சொன்னான். மூன்று தெரியவில்லை என்றால் ஊர் அவன் தோளில் தட்டிக்கொடுத்து அழுதிருக்கும். ஆனால் மெஸ்ஸர் வீட்டு ஆணுக்குக் கல்லறை தெரியாது, அதுவும் சொந்தப் பிள்ளையின் கல்லறை தெரியாது என்று வாயைத் திறந்து சொல்ல அவனுக்கு வரவில்லை. ஓமா சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த முதல் நாளே மேட்டுக்கு ஏறிவந்தாள். மூச்சு வாங்கியது.

"எல்பர்ட், எங்க இருக்கா?"

கை நீண்டது. "ஓரத்துல இருக்கே, அதுதான்."

அவள் அந்தச் சேற்றில் அப்படியே முகம் குப்புற விழுந்தாள். அதற்கப்புறம் எதை மாற்றுவது? வேலிக்கு எதிர் ஓரத்தில் இருந்தது வெர்னா என்றானது. நடுவில் இருந்தது ஸெல்மாவின் பையன் என்றானது. வேலியை ஒட்டியிருந்தது ஸ்டைல்ஸ் குழந்தை. ஸ்டைல்ஸ், தன் பெண்டாட்டியையும் வேறெங்கோ புதைத்துவிட்டு, வசந்தகாலத்தில் கம்பெனியோடு வெர்ஜினியா பக்கம் போய்விட்டான். திரும்பி வரவே இல்லை.

ஓமாவுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. வருஷாவருஷம் ஏப்ரலிலேயே காகிதத்தை வெட்ட உட்கார்ந்துவிடுவாள். மஞ்சளும் வெள்ளையுமாக ரோஜா செய்து, அடுப்பில் மெழுகை உருக்கி ஒவ்வொன்றாகத் தோய்த்து, கயிற்றில் காயப்போடுவாள். அறுபது பூ இருந்தால் அறுபதும் அந்த ஒரு சின்னக் குவியலுக்குத்தான். ஸெல்மா தன் பங்குக்கு நடுக் குவியலில் சிவப்பாக வைப்பாள். அந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டு அழும்போது மற்றவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். வேலியோரக் குழந்தைக்குப் பூ வைக்க ஆள் இல்லை. புல்லை மட்டும் யாராவது போகிறபோக்கில் செதுக்கிவிடுவார்கள்.

இப்படி இருபத்தைந்து வருஷம் போயிற்று. அப்புறம் அணை வந்தது. போர்க்காலம், தொழிற்சாலைக்கு மின்சாரம் வேண்டும், நாட்டுக்காக நீங்கள் எழுந்துபோங்கள் என்றார்கள். எழுந்துபோனோம். உயிரோடிருப்பவன் தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். செத்தவர்களைத் தோண்டித்தானே எடுக்க வேண்டும்? நோட்டுப் புத்தகமும் சுத்தமான பூட்ஸுமாக வீட்லி என்கிற ஒரு குமாஸ்தா வந்து இறங்கினான். மேட்டில் இருநூற்றுச் சொச்சம் கல்லைப் பார்த்து, அவற்றில் ஒன்றிலும் எழுத்து இல்லை என்று கண்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"மிஸ்டர் மெஸ்ஸர், இதெல்லாம் யார் யார்னு உங்களுக்குத் தெரியும்னு கீழ சொன்னாங்க. நிஜமாவா?"

"கேளு தம்பி. ஒவ்வொண்ணா கேளு."

மூன்று நாள் கேட்டான். எல்பர்ட் மூன்று நாளும் கையை நீட்டிக்கொண்டு நடந்தான். பிறந்த வருஷம், பெற்றவர் பேர், யாருக்கு ஒற்றைக் கண், யார் காளை முட்டிச் செத்தது, எல்லாம் சொன்னான். வீட்லி எழுதி எழுதிக் கை வீங்கிப்போய், "உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல சார்" என்றான். ஊர் ஆண்கள் வேலியில் சாய்ந்து நின்று, ஏதோ தாங்களே பரிசு வாங்கியதுபோல நெஞ்சை நிமிர்த்தினார்கள். வேலியோரத்துக்கு வந்ததும் எல்பர்ட்டின் குரல் கொஞ்சம் இறங்கியது. வீட்லி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். ஓரம்: வெர்னா மெஸ்ஸர். நடு: ப்ரூக்ஷயர் பையன். வேலி: ஸ்டைல்ஸ் குழந்தை. முதன்முதலாக அந்தப் பொய் மையில் விழுந்தது.

தோண்டும்போது குடும்பத்தில் ஒருவர் நிற்கலாம் என்று விதி. ஓமா வர மாட்டேன் என்றுவிட்டாள். ஓரத்துக் குழியருகே எல்பர்ட்தான் நின்றான். பழைய மண்ணில் சின்ன உடம்புக்கு என்ன மிஞ்சியிருக்கும்? இரண்டு மண்வெட்டிக் கறுப்பு மண், அவ்வளவுதான். அதை ஒரு சின்னப் பெட்டியில் போட்டார்கள். தோண்டியவன் குனிந்து எதையோ பொறுக்கி உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினான். இரண்டு பீங்கான் பொத்தான்கள். பையன்கள் சட்டையில் தைப்பது.

வெர்னாவை எல்பர்ட் தன் கையால் உடுத்தியிருந்தான். நாடா வைத்த கவுன். அதில் ஒரு பொத்தானும் கிடையாது.

உண்மையைச் சொல்ல அவனுக்கு வந்த இரண்டாவது வாய்ப்பு இது. பத்தடி தூரத்தில் வீட்லி பேனாவோடு நிற்கிறான். "தம்பி, மாத்தி எழுது. இது ப்ரூக்ஷயர் பையன். மத்த ரெண்டும் எனக்குத் தெரியாது." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் மூன்றில் தப்பு என்றால், மீதி இருநூறையும் யார் நம்புவார்கள்? கீழே சாமான் கட்டிக்கொண்டிருக்கும் அத்தனை குடும்பமும் அவனை என்னவென்று பார்க்கும்? ஓமா என்னவென்று பார்ப்பாள்? எல்பர்ட் அந்தப் பொத்தான்களை வாங்கிப் பெட்டிக்குள் போட்டான்.

"மூடிடு. ஆணிய அடி" என்றான்.

நெடுஞ்சாலைக்கு மேலே புதுக் கல்லறைத் தோட்டம் அமைந்தது. பழைய வரிசை மாறாமல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பேர் பொறித்த சின்னக் கல் நட்டுக் கொடுத்தார்கள். பழைய மேட்டின்மேல் இப்போது தொண்ணூறு அடித் தண்ணீர். கோடைக்கு வருகிறவர்கள் அதில் படகு விட்டுக் கத்துகிறார்கள்.

எல்பர்ட் பேர் அப்புறம்தான் இன்னும் பெரிதானது. எங்கள் மாவட்டச் சரித்திரச் சங்கம் ஒரு புத்தகம் போட்டபோது அவனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியது. மறக்கத் தெரியாத மனிதர் என்று தலைப்பு. நூலகத்துப் பெண்கள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். போகிற இடமெல்லாம் எல்பர்ட் மாமா, எல்பர்ட் மாமா என்றார்கள். அவனும் போனான். பேசினான். அடக்கமாகச் சிரித்தான். எனக்கு அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும்.

1971 வசந்தத்தில் ஓமாவுக்கு இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுபத்திரண்டு வயது. அவள் பயப்படவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சமையலறையில் மெழுகில் பூவைத் தோய்த்துக்கொண்டே சொன்னாள்.

"எல்பர்ட், என்னை வெர்னாவுக்கு இடது பக்கம் வையி. நான் எப்பவும் அவளை இடது கையிலதான் தூக்குவேன். நடுவுல இடம் விடாத. ஒட்டி வெட்டு."

எல்பர்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். ஐம்பத்து மூன்று வருஷமாக வாயைத் திறக்காதவனுக்கு அன்றைக்கென்று மனசாட்சி வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னான். மழையைச் சொன்னான், சேற்றைச் சொன்னான், கை தானாக நீண்டதைச் சொன்னான், பொத்தானைச் சொன்னான். அழுதுகொண்டேதான் சொன்னான். சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஒரு லேசு வந்ததை அவனே பிற்பாடு போதகரிடம் ஒப்புக்கொண்டான். சாகப்போகிறவள் தலையில் ஏற்றிவிட்டு அவன் லேசானான்.

ஓமா கத்தவில்லை. கையிலிருந்த பூவிலிருந்து மெழுகு சொட்டிச் சொட்டி மேஜை விரிப்பில் விழுந்து இறுகியது.

"அப்ப வேலியோரத்துல இருக்கிறது?"

"அவளா இருக்கலாம். இல்லன்னா நடுவுல. எனக்குத் தெரியாது, ஓமா. சத்தியமா தெரியாது."

"வேலியோரத்துக் குழிக்கு ஒரு பூ வச்சவங்க கிடையாது" என்றாள் ஓமா. "நானும் வச்சதில்ல. அம்பது வருஷமா அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்."

 அந்த வாரம் முழுக்க அவள் பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், பூ செய்தாள், படுத்தாள். ஞாயிறு வந்தது.

புதுத் தோட்டத்திலும் பூ ஞாயிறு பழையபடிதான். கார்கள் சாலையோரம் நீளமாக நின்றன. ஆண்கள் மண்வெட்டியோடு ஏறினார்கள். ஓமா மூச்சு வாங்க, கூடையைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு ஏறினாள். எல்பர்ட் தூக்கிவர நீட்டிய கையை அவள் பார்க்கவில்லை. இன்றைக்குப் பூவை மூன்றாகப் பிரிப்பாள், இல்லை வேலியோரத்தில் கொட்டுவாள் என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான். அவள் நேராக ஓரத்துக் கல்லறைக்குப் போனாள். வெர்னா மெஸ்ஸர் என்று பொறித்த கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு, மஞ்சளும் வெள்ளையுமாக ஒவ்வொன்றாகக் குத்த ஆரம்பித்தாள்.

எல்பர்ட் குனிந்து மெதுவாகச் சொன்னான். "ஓமா, அது ஸெல்மாவோட பையன்."

"பெத்தது அவளா இருக்கட்டும்" என்றாள் ஓமா. வாரம் முழுக்கப் பேசாத குரல் கரகரத்தது. "அழுதது நான். அம்பத்து மூணு வருஷம் இவன்கிட்ட உக்காந்துதான் அழுதிருக்கேன். இவன விட்டுட்டு எங்க போகச் சொல்ற? என்னை இவன் பக்கத்துலயே வையி. இடது பக்கம்."

"அப்ப வெர்னா?"

அவள் கடைசிப் பூவையும் குத்தினாள். கூடை காலியானது. அப்புறம்தான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"வெர்னாவ நீதான் தொலைச்ச. அவ உன்னோட பொண்ணு. போ, நீ தேடிக்க. ஸெல்மாகிட்ட மட்டும் வாயத் தொறந்த, உன் முகத்துல நான் முழிக்க மாட்டேன். அவளாவது நிம்மதியா சாகட்டும்."

எல்பர்ட் நிமிர்ந்து நின்றான். கையில் ஒரு பூ இல்லை. நடுக்கல்லறைக்கு முன்னால் ஸெல்மா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுபத்தைந்து வயது, முழங்கால் மடங்காது, காதும் மந்தம். சிவப்புப் பூக்கள் மடியில் கிடந்தன. அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எல்பர்ட், வா வா. உன்னத்தான் தேடிட்டிருந்தேன். என் பையன் மண்ணு ஒரு பக்கமா கரைஞ்சுபோச்சு, பாரு. என்னால குனிய முடியல. வேற எவனையும் தொட விடமாட்டேன். நீ வெட்டுன குழி, நீ மூடுன மண்ணு. நீயே குவிச்சுக் குடுப்பா."

எல்பர்ட் மண்டியிட்டான். அதற்குள் டேப் ரிக்கார்டரோடு வந்த நூலகப் பெண் ஒருத்தி, "எல்பர்ட் மாமா பண்றத எல்லாரும் பாருங்க, இதுதான் பழைய முறை" என்று பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டாள். நாலைந்து பேர் வந்து சூழ்ந்தார்கள். அவன் வெறுங்கையால் மண்ணைக் கூட்டினான். கீழே இருப்பது தன் பெண்ணா, ஸ்டைல்ஸ் கொடுத்துவிட்டுப் போன பத்து நாள் சிசுவா என்று அவனுக்குத் தெரியாது. கரைந்த பக்கத்தைத் தட்டித் தட்டி இறுக்கினான். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் உசத்தி" என்றாள் ஸெல்மா. "உன் பொண்ணுக்குப் பண்ற மாதிரி பண்ணு."

ஓமா காலிக் கூடையை எடுத்துக்கொண்டு, அவனுக்காக நிற்காமல், சாப்பாட்டுப் பலகைகள் இருந்த பக்கம் இறங்கிப் போனாள்.